பார்க்காமல் போட்ட கையெழுத்து

நான் செய்த தவறுகள் இரண்டு. செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவந்த கழிவு என்னவென்றே பார்க்காமல் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஊற்றவிட்டது முதல் தவறு. அதன் விளைவைக் கண்டு பயந்துபோய், சந்தேகப்பட்ட லாரிகளையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்பியது இரண்டாவது. முதல் தவறால் எங்கள் நிலையம் படுத்துவிட்டது. இரண்டாவதால் ஊருக்கு வெளியே ஓர் ஓடை கெட்டது. இரண்டுக்கும் நடுவே, குற்றம் செய்தார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லாத ஓர் ஓட்டுநரின் பிழைப்பையும் கெடுத்தேன். அந்தப் பழி தானாக அவர்மேல் விழவில்லை. நான்தான் சுமத்தினேன்.

கொங்குப் பகுதியில் ஒரு நகரத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். ஊரின் பெயரை எழுதினால் பழி ஊர்மேல் போகும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லப்போவது என் குற்றம்.

தமிழ்நாட்டின் பெரும்பாலான பேரூராட்சிகளிலும், நகராட்சிகளின் புதிய குடியிருப்புப் பகுதிகள் பலவற்றிலும் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நிரம்பினால் லாரியைக் கூப்பிடுவார்கள். லாரி வரும், உறிஞ்சும், போகும். எங்கே போகிறது என்று கேட்பவர் குறைவு. நெடுங்காலமாக அது ஏரிக்கரைக்கும் புறம்போக்குக்கும் மழைநீர் வடிகாலுக்கும்தான் போனது. 2014-இல் தமிழக அரசு செப்டிக் டேங்க் கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. லாரிகளுக்கு உரிமம் வேண்டும், கழிவை அருகிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்தில்தான் ஊற்ற வேண்டும் என்ற ஏற்பாடு மெல்ல மெல்ல ஊர்களுக்கு வந்தது. திருச்சியில் லாரிகள் கழிவுநீரேற்று நிலையங்களில் ஊற்றுகின்றன; அது குழாய்வழியே பஞ்சப்பூர் நிலையத்துக்குப் போகிறது. கருங்குழி பேரூராட்சியில் இந்தக் கசடுக்கென்றே தனி நிலையம் 2017-இல் வந்தது. எங்கள் நிலையத்திலும் லாரி வந்து ஊற்றுவதற்கு ஓர் இடம் கட்டினார்கள். அந்த இடத்தை என் பொறுப்பில் விட்டார்கள்.

அந்த இடம் எதற்காக இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

வீடுகளிலிருந்து குழாயில் வரும் சாதாரணக் கழிவுநீரில் பி.ஓ.டி. லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். அதாவது, அதிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். செப்டிக் டேங்க் கசடில் அது சில ஆயிரங்களைத் தொடும். ஒரு சின்ன லாரி 6,000 லிட்டர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்றால் அந்த ஒரு லாரியில் மட்டும் 36 கிலோ பி.ஓ.டி. இருக்கிறது. லிட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள சாதாரணக் கழிவுநீரில் இதே அளவு வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் லிட்டர் வர வேண்டும். ஒன்றரை லட்சம் லிட்டரின் சுமை பத்து நிமிடத்தில் ஒரு ஹோஸ் வழியாக உள்ளே இறங்குகிறது. அதுவும், ஊர் முழுக்கக் குளித்து முடித்து, குழாயில் வரத்து உச்சத்தில் இருக்கும் காலை நேரத்தில். லாரிக்காரர்களுக்கும் அதுதான் வேலை நேரம்.

ஆகவே லாரிக் கழிவு, நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊதும் ஏரேஷன் தொட்டியைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. முதலில் டிரிப் ஷீட்டைப் பார்க்க வேண்டும்: எந்தத் தெரு, வீடா, ஓட்டலா, லாட்ஜா, பட்டறையா, எத்தனை லிட்டர் என்று. ஹோஸைத் திறந்ததும் ஒரு வாளியில் கொஞ்சம் பிடித்து நிறத்தையும் வாடையையும் கவனிக்க வேண்டும். நாள்பட்ட வீட்டுக் கசடு கறுத்திருக்கும். சாயமோ பெட்ரோல் வாடையோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் பி.ஹெச். தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலில் மாதிரி எடுத்து, வண்டி எண்ணும் நேரமும் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். கல்லும் மணலும் தங்கும் குழி, கம்பிச் சல்லடை ஆகியவற்றைக் கடந்துதான் கழிவு உள்ளே போக வேண்டும். அதன்பின் தேக்கத் தொட்டியில் கலக்கி வைத்திருந்து, வரத்து குறையும் இரவு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும்.

இவற்றில் டிரிப் ஷீட் வாங்கியதைத் தவிர மற்ற எதையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

தொடக்கத்தில் செய்தேன். பிறகு வண்டிகள் கூடின. காலையில் வாசலில் வரிசை நின்றது. லாரிக்காரர்களுக்கு டிரிப் கணக்கில்தான் வருமானம். நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். "சார், இன்னும் ரெண்டு டிரிப்பு காத்துக்கிட்டு கெடக்குதுங்க" என்பார்கள். சாலையை மறித்து நிற்கிறது, நாறுகிறது என்று அக்கம்பக்கத்தார் போன் செய்வார்கள். என் மேலிடமும் வரிசை ஏன் நகரவில்லை என்றுதான் கேட்டது. என்ன சோதித்தாய் என்று கேட்டதில்லை. வரிசையை வேகமாக நகர்த்துபவன் கெட்டிக்காரன் என்ற பெயர் எனக்கு வந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

பி.ஹெச். பார்ப்பதை முதலில் சில வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கினேன். பிறகு அதையும் விட்டேன். ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதே. 7 என்று எழுதினேன். அடுத்த வண்டிக்கு 7.2, அதற்கடுத்து 6.9. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்பதால் மாற்றி மாற்றி எழுதினேன். சில நாட்களில், காலையில் டீ குடிக்கும்போதே அன்றைக்கு வரப்போகும் வண்டிகளுக்கான எண்களை நிரப்பி வைத்தேன். பக்கத்தின் அடியில் "சரிபார்க்கப்பட்டது" என்று அச்சிட்டிருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

தேக்கத் தொட்டியின் கதையும் அப்படித்தான். அது கட்டியே இருந்தது. ஆனால் அடியில் மணல் சேரும், அதை அள்ள வேண்டும், கலக்கி மோட்டார் பழுதாகும். ஒருமுறை மோட்டார் நின்றதும் தொட்டியை ஒதுக்கிவிட்டு லாரிகளை நேராக வரத்துக் கிணற்றில் ஊற்றச் சொன்னேன். மோட்டாரைச் சரிசெய்யக் கேட்டுக் கடிதம் எழுதவில்லை. எழுதினால், இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்ற கேள்வி வருமே என்று நினைத்தேன்.

சல்லடையில் வந்து சிக்குபவற்றைப் பார்த்தால் நம் வீடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஷாம்பு பாக்கெட், முடி, பழந்துணி என்று எல்லாம் வரும். அவை சிக்கிக்கொண்டு கழிவு பின்வாங்கும்போது, லாரியின் கிளீனர் பையன் வெறுங்கையால் இழுத்துப்போடுவான். நீளமான வாரியும் கையுறையும் என் அறைப் பெட்டியில் இருந்தன. வரிசை நகர்ந்தால் போதும் என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மனிதர் கழிவை மனிதர் கையால் அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்தது. பாதுகாப்புக் கருவியில்லாமல் யாரையும் கழிவுத் தொட்டியில் இறக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அந்தச் சட்டத்தின் சுருக்கம் எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தப் பையன் கிணற்றுக்குள் இறங்கவில்லை, விளிம்பில்தான் நின்றான். அதனால் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழிவிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் அளவு கூடும்போது மூக்கே மரத்துப்போகும். நாற்றம் இல்லையே என்று நினைக்கும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம். இதைப் பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் கண்ணெதிரே நின்ற அந்தப் பையனிடம் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் ஏரேஷன் தொட்டியின் நிறம் மாறியது. நல்ல தொட்டி பழுப்பாக இருக்கும். மழை பெய்த மண்ணின் வாடை வரும். அன்று சாம்பல் பூத்து, வெள்ளை நுரை பொங்கி, மூக்கை எரிக்கும் நெடி அடித்தது. ஒரு லிட்டர் அளவு ஜாடியில் எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். வழக்கமாகக் கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அன்று ஜாடி முழுக்கக் கலங்கலாகவே நின்றது. நுண்ணோக்கியில் வழக்கமாக மணிமணியாகக் காம்போடு ஆடும் வோர்ட்டிசெல்லா என்ற நுண்ணுயிர் ஒன்றுகூட அசையவில்லை. அழுக்கைத் தின்று நீரைச் சுத்தமாக்கும் உயிர்கள் செத்துவிட்டன. புளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மின்சாரமும் போகவில்லை. அமிலமோ உலோகமோ கலந்த கழிவு ஏதோ ஒரு லாரியில் வந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் முலாம் பூசும் பட்டறைகள் உண்டு. அவற்றின் கழிவைத் தனியாகச் சுத்திகரிக்கக் காசு செலவாகும். செப்டிக் டேங்க் லாரியில் ஏற்றிவிட்டால் மலிவு. அப்படித்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். இன்றுவரை ஊகம்தான், ஏனென்றால் என்னிடம் ஒரு பாட்டில் மாதிரிகூட இல்லை.

வேறு நிலையத்திலிருந்து நல்ல கசடு கொண்டுவந்து ஊற்றி, உயிர்களை மறுபடி வளர்த்தெடுக்கப் பல வாரங்கள் ஆயின. அதுவரை, அரைகுறையாகச் சுத்தமான நீர் வாய்க்காலில் போய்க்கொண்டேயிருந்தது. கீழே அந்த நீரில் தென்னையும் தீவனப் பயிரும் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரியவர் வந்து, "தண்ணி ஏனுங்க இப்படி வருது? மாடு வாய் வைக்க மாட்டேங்குது" என்று கேட்டார். மெஷின் ரிப்பேர் என்றேன். அவர் நம்பிக்கொண்டு போனார்.

விசாரணை வந்தது. எந்த லாரி என்று கேட்டார்கள். பதிவேட்டைப் புரட்டினால் எல்லா வண்டிக்கும் 7-ஐ ஒட்டிய எண்தான் இருக்கிறது. எல்லாமே சரியான கழிவு என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அந்த இடத்தில், நான் சோதிக்கவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முந்தின நாள் கடைசியாக வந்த ஒரு வண்டியைக் காட்டினேன். அதன் வாடை வேறு மாதிரி இருந்ததாக ஞாபகம் என்றேன். அப்படி எந்த ஞாபகமும் எனக்கு இல்லை. அந்த வண்டியை ஏன் காட்டினேன் என்பதையும் மறைக்கக் கூடாது. மற்றவர்கள் பல வண்டி வைத்திருப்பவர்கள், சங்கத்தில் இருப்பவர்கள், கேள்வி கேட்பார்கள். இவர் கடன் வாங்கி ஒரே வண்டி வாங்கி, தானே ஓட்டியவர். இவருக்காக யாரும் வந்து நிற்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய அனுமதியை நிறுத்தினார்கள்.

அதன்பின் நான் கண்டிப்பானவனாக மாறினேன். அதை அப்போது திருந்தியதாகவே நினைத்தேன். பி.ஹெச். தாளை உண்மையிலேயே நனைத்தேன். நிறம் கொஞ்சம் வித்தியாசமா, திருப்பி அனுப்பு. ஓட்டல் எண்ணெய் மிதக்கிறதா, திருப்பி அனுப்பு. டிரிப் ஷீட்டில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லையா, திருப்பி அனுப்பு. மாலை ஐந்துக்கு மேல் கேட்டைப் பூட்டு. வரிசை குறைந்தது. தொட்டி பழுப்பாக இருந்தது. வெளியேறும் நீரின் அளவுகள் எல்லாம் வரம்புக்குள் வந்தன. மேலிடம் பாராட்டியது.

ஊரில் செப்டிக் டேங்குகள் நிரம்புவது மட்டும் குறையவில்லை. திருப்பி அனுப்பப்படும் லாரி, கழிவைத் திரும்பவும் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. டேங்கில் 6,000 லிட்டரை வைத்துக்கொண்டு நிற்கும் ஓட்டுநர் அடுத்த டிரிப்புக்குள் அதை எங்காவது இறக்கியாக வேண்டும். ஊருக்கு வெளியே பாலத்தடியில் ஓடை கறுத்திருப்பதை வேலைக்குப் போகும் வழியில் நானே பார்த்தேன். கரையில் புதிய டயர்த் தடம். அது எங்கள் கேட்டிலிருந்து போன கழிவு என்று பார்த்த கணமே தெரிந்தது. நம் எல்லைக்குள் நடக்கவில்லை, நம் பதிவேட்டில் வராது என்று வண்டியை நிறுத்தாமல் போனேன்.

2022-இல் வந்த விதிகளின்படி, உரிமமில்லாமல் ஓடினாலோ கண்ட இடத்தில் கொட்டினாலோ முதல் முறை 25,000 ரூபாயும் மறுமுறை 50,000 ரூபாயும் அபராதம். அந்த அபராதம் வேண்டியதுதான். ஆனால் ஊற்ற வேண்டிய இடத்தின் கேட்டை நானே சாத்தி வைத்துக்கொண்டு, ஓடையில் ஊற்றுகிறவரை மட்டும் குற்றவாளி என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

தாராளமாக விட்ட காலத்தையும் கண்டிப்பாக நின்ற காலத்தையும் நெடுநாள் எதிரெதிரான இரண்டாகவே எண்ணியிருந்தேன். அந்த ஓடையைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் நான் தவிர்த்தது ஒரே வேலையை. எல்லாவற்றையும் விடு என்றால் சோதிக்க வேண்டாம். எல்லாவற்றையும் திருப்பு என்றால் தேக்கிவைத்து, கலக்கி, அளந்து விட வேண்டாம். உண்மையான பொறுப்பு இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. எண்ணெய் மிதக்கும் ஓட்டல் கழிவைத் தனியாக வாங்கி எண்ணெயைப் பிரிக்கலாம். கெட்டியான லாட்ஜ் கழிவைத் தேக்கத் தொட்டியில் வைத்து இரவில் விடலாம். ஐயத்துக்குரியதை மாதிரி எடுத்துக்கொண்டு, முடிவு தெரியும்வரை தனித் தொட்டியில் நிறுத்தலாம். பட்டறைக் கழிவு என்று உறுதியானால் மட்டும் மறுத்து, அது எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதித் தெரிவிக்கலாம். இத்தனைக்கும் கை அழுக்காக வேண்டும், நேரம் ஆகும், கடிதம் எழுத வேண்டும், சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இவை எதையும் செய்யாமல் இருக்கத்தான் முதலில் தாராளமும் பிறகு கண்டிப்பும் எனக்கு உதவின.

அந்த ஓட்டுநரைத் தேடிப் போனேன். வண்டியை விற்றுவிட்டு இன்னொருவரின் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை, என்னை மன்னிக்கவும் இல்லை. "அன்னைக்கே ஒரு பாட்டல்ல புடிச்சு வெச்சிருந்தீங்கன்னா, அதே எனக்குச் சாட்சியா நின்னிருக்குமுங்க சார்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மாதிரி எடுப்பதை அதுவரை நான் லாரிக்காரர்களைச் சந்தேகிக்கும் வேலையாகவே நினைத்திருந்தேன். அதை விட்டுக்கொடுத்து அவர்களுக்கு நல்லது செய்ததாகக்கூட எண்ணிக்கொண்டேன். நேர்மையாக ஓட்டுபவருக்கு அந்த ஒரு லிட்டர் பாட்டில்தான் பாதுகாப்பு என்பது அவர் சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. பாட்டில் இல்லாத இடத்தில் அதிகாரியின் வாய்ச்சொல்தான் ஆதாரம். அந்த வாய்ச்சொல்லால்தான் நான் அவரை வீழ்த்தினேன்.

நடந்ததை மேலிடத்துக்கு எழுத்தில் கொடுத்துவிட்டேன். அவர்மேல் போட்ட தடை என் பொய்யால் வந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். என்மேல் எடுக்கும் நடவடிக்கை எதுவானாலும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் வண்டி திரும்ப அவரிடம் வராது.

இன்னொரு சேதமும் இருக்கிறது. அது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது. தேக்கத் தொட்டியைப் பெரிதாக்கவும், வாசலில் ஒரு சின்னச் சோதனைக்கூடம் அமைக்கவும், அதற்கு ஓர் ஆள் போடவும் பின்னாளில் நிதி கேட்டோம். வரும் கழிவு எல்லாமே வரம்புக்குள் இருப்பதாகப் பழைய பதிவேடு காட்டுகிறதே, பிறகு எதற்கு என்று கோப்பு திரும்பி வந்தது. நான் டீ குடித்துக்கொண்டே எழுதிய எண்களை வைத்துத்தான் அந்த முடிவை எடுத்திருந்தார்கள். அந்தப் பக்கங்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அவை அளந்து எழுதியவை அல்ல என்று தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.

என்னைப் போல் ஊற்றுமிடங்களில் நிற்பவர்கள் இன்று தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சோதிக்க முடியாத நாளில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். வரிசை நீளமாக இருந்தது, ஆள் இல்லை, தாள் தீர்ந்துவிட்டது என்று காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். காலிக் கட்டத்தைப் பார்த்து யாராவது திட்டலாம். திட்டு வாங்கினால்தான் ஆளும் தாளும் தொட்டியும் கேட்டு வாதாட முடியும். பொய் எண் எழுதிய கட்டத்தை வைத்துக்கொண்டு எதையும் கேட்க முடியாது.